மீட்டரின் தலையில் துணி: பெங்களூரு ஆட்டோக் கட்டணம், ஒரு நிகழ்வு ஆய்வு

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலைக்கு அருகே நிற்கும் ஆட்டோ ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். கைப்பிடிக்கு மேலே கம்பியில் வரிசையாக மூன்று கைபேசிகள், ஒவ்வொன்றிலும் ஒரு செயலி. ஓரத்தில் மீட்டர். அதன் தலையில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி. மழை வந்தால்தான் அந்தத் துணி அங்கிருந்து நகரும், அதுவும் கண்ணாடியைத் துடைக்க. இதே கரையில் வள்ளுவரும் 1991 முதல் 2009 வரை 18 ஆண்டுகள் துணி போர்த்தியபடி நின்றார். அவருக்காவது கடைசியில் திறப்பு விழா நடந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்ப ஆட்டோ தேடினேன். தூரம் 3 கிலோமீட்டர். 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள அரசுக் கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். ஆக, 54 ரூபாய். செயலி 96 ரூபாய் என்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தும் யாரும் ஏற்கவில்லை. அதே திரை இப்போது மூன்று பொத்தான்களை நீட்டியது: 20, 30, 50. கூடுதலாகக் கொடுத்தால் வண்டி சீக்கிரம் கிடைக்குமாம். கையில் காய்கறிப் பை, தலைக்கு மேல் தூறல். 30-ஐத் தொட்டேன். அரை நிமிடத்தில் வண்டி வந்தது. 54 ரூபாய்ப் பயணத்துக்கு 126 ரூபாய்.

ஓட்டுநர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மீட்டரைக் காட்டி, "அண்ணே, இதைப் போட்டால் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "ஐம்பத்து நாலு வரும் சார், எனக்குத் தெரியாதா? ஆனால் விலையை நானா சொன்னேன்? போன் சொன்னது" என்றார்.

இந்த ஆய்வின் கேள்வி அந்தப் பதிலில் இருக்கிறது. அவருக்கு ஓட்டுநர் உரிமம் கொடுத்தது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். வண்டிக்கு பெர்மிட் கொடுத்தது அரசு. மீட்டருக்கு முத்திரை குத்தியது சட்டமுறை எடையளவுத் துறை. இத்தனை பேர் கைவைத்த வண்டியில் விலையைச் சொன்னது மட்டும் இவர்களில் யாருமில்லை. வாடகை வாகனச் செயலிகள் தனியார் ஏகபோகமாகி அரசின் கட்டுப்பாட்டை இடம்பெயர்த்துவிட்டனவா என்று கேட்கிறார்கள். என் கருத்தில் 'ஏகபோகம்' என்ற சொல்தான் நம்மைத் தவறான கதவைத் தட்டவைக்கிறது. செயலி ஒன்றா நான்கா என்பது இரண்டாம் பட்சம். விலை சொல்வது, ஆளைச் சேர்ப்பது, ஆளை நீக்குவது என்ற மூன்று அதிகாரங்களும் எந்த வழியாக இடம் மாறின என்பதே எனக்கு முக்கியம்.

காலியாகக் கிடந்த நாற்காலி

பழைய ஏற்பாட்டைப் புனிதமாக்கிப் பேசுவோரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பெங்களூரில் ஆட்டோக் கட்டணத்தை முடிவு செய்வது மாவட்டப் போக்குவரத்து ஆணையம். அதன் தலைவர் துணை ஆணையர், அதாவது நம் ஊர் மாவட்ட ஆட்சியருக்கு நிகரானவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு மாநில அரசுக்குத் தரும் அதிகாரம் இது. ஓட்டுநர் சங்கங்கள் மனு கொடுக்கும், பயணிகள் தரப்பு ஆட்சேபிக்கும், கோப்பு நகரும், ஒரு நாள் ஆணை வரும். ஆணையில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால் அந்த ஒரு நாள் எப்போது வந்தது? 2013-இல் குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய், கிலோமீட்டருக்கு 13. அடுத்த உயர்வு 2021 இறுதியில்: 30 ரூபாய், 15. அதற்கடுத்தது 2025-இல். முதல் இடைவெளி எட்டு ஆண்டுகள். ஆட்டோவுக்கு ஊற்றும் எல்பிஜி விலையும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் எட்டு ஆண்டுகள் காத்திருக்குமா? ஓட்டுநர்கள் தாங்களே கட்டணத்தைத் திருத்திக்கொண்டார்கள். இரவு 10 முதல் காலை 5 வரை சட்டப்படி உள்ள ஒன்றரை மடங்கு, மாலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். பகலில் 'மீட்டருக்கு மேல் இருபது'. ஸ்ரீராமபுரத்துத் தமிழ் ஓட்டுநர் தமிழ்ப் பயணிக்கு ஏதாவது சலுகை தருவார் என்று நம்பி நான் எத்தனையோ முறை தமிழில் பேரம் பேசியிருக்கிறேன். பேச்சு இனிமையாக இருந்தது; தொகை குறையவில்லை.

ஆகவே செயலிகள் வந்தபோது பெங்களூரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது பொய்யில்லை. ஊபர் இந்தியாவில் முதலில் காலூன்றியது இந்த நகரில், 2013-இல். மும்பையில் பிறந்த ஓலா இங்கே குடிபெயர்ந்து வளர்ந்தது. 2015-இல் போட்டியாளரான டாக்ஸிஃபார்ஷ்யூரைச் சுமார் 20 கோடி டாலருக்கு விழுங்கியது. பேரம் இல்லை, 'அந்தப் பக்கம் வரமாட்டேன்' இல்லை, முதலீட்டாளர் பணத்தில் கட்டணமும் குறைவு. காலியாகக் கிடந்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். யார் அனுமதித்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் உட்பட.

2022 அக்டோபர்: முப்பதும் நூறும்

கேள்வி எழுந்த தருணம் துல்லியமானது. கர்நாடக அரசு 2016-இலேயே செயலி நிறுவனங்களுக்கென்று விதிகள் இயற்றி, உரிமம் பெற வேண்டும் என்றது. அந்த விதிகள் டாக்ஸியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிறுவனங்களோ அதே உரிமத்தின் நிழலில் ஆட்டோக்களையும் பல ஆண்டுகள் ஓட்டின. 2 கிலோமீட்டருக்குள் போவதற்கும் 100 ரூபாய் பிடுங்குகிறார்கள் என்ற புகார் குவிந்த பிறகுதான் போக்குவரத்துத் துறை கண் விழித்தது. அரசு நிர்ணயித்திருந்தது 30 ரூபாய். 2022 அக்டோபர் 6 அன்று ஓலா, ஊபர், ராபிடோ மூன்றுக்கும் நோட்டீஸ்: ஆட்டோ சேவையை மூன்று நாளில் நிறுத்துங்கள்.

நிறுத்தவில்லை; வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அக்டோபர் 14 அன்று இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் சொன்னது: அரசுக் கட்டணத்துக்கு மேல் 10 சதவீதமும் ஜிஎஸ்டியும் வாங்கிக்கொள்ளலாம். நவம்பர் 25 அன்று அரசு தன் ஆணையில் அந்தப் பத்தை ஐந்தாகக் குறைத்தது. நிறுவனங்கள் அதையும் எதிர்த்தன. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் 5 சதவீதத்தை உறுதி செய்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை அரசுக்கு முழு வெற்றி. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் நிலைநாட்டப்பட்டது. இப்போது கணக்குப் பாருங்கள்: 30 ரூபாய்ப் பயணத்தில் செயலியின் பங்கு ஒன்றரை ரூபாய். 100 ரூபாய் வாங்கிப் பழகியவர்கள் ஒன்றரை ரூபாயில் கடை நடத்துவார்களா? நடத்தவில்லை, கடையின் பெயர்ப் பலகையையே மாற்றினார்கள். அதைப் பார்ப்பதற்கு முன், தட்டிப் பார்த்துத் திறக்காத இன்னொரு கதவைச் சொல்லிவிடுகிறேன்.

ஏகபோகம் இல்லை என்று தீர்ப்பு

சென்னைக்காரர்களுக்குப் பழகிய ஃபாஸ்ட் ட்ராக் கால் டாக்ஸி நிறுவனம்தான் பெங்களூரு சந்தையை முன்வைத்து ஓலாமீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. அடக்க விலைக்கும் கீழே கட்டணம் வைத்து, ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகையை வாரி இறைத்து, மற்றவர்களை ஒழிக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2015-இல் விசாரணைக்கு உத்தரவு. 2017 ஜூலையில் முடிவு: பெங்களூரில் ஓலாவுக்கு ஆதிக்க நிலை இல்லை, ஏனென்றால் ஊபர் வேகமாக வளர்ந்து அதைத் தடுத்து நிறுத்துகிறது. இருவரும் சேர்ந்தே ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. கூட்டு ஆதிக்கம் என்ற கருத்துக்கே நம் போட்டிச் சட்டத்தில் இடமில்லை என்றது ஆணையம். ஓலாவில் 2014-இலேயே பணம் போட்ட ஜப்பானின் சாஃப்ட்பேங்க், 2018 தொடக்கத்தில் ஊபரிலும் பெரும் பங்குதாரராகி உட்கார்ந்ததை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கு வேறு கோணத்தில் வந்தது. செயலியின் கணக்கீடு எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே விலையைச் சொல்கிறதே, இது ஓட்டுநர்களிடையே மறைமுக விலைக் கூட்டு ஆகாதா என்று கேட்டார் ஒரு வழக்கறிஞர். ஆணையம் 2018-இல் தள்ளுபடி செய்தது. ஓட்டுநர்கள் தங்களுக்குள் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை என்பது காரணம். உச்ச நீதிமன்றமும் 2020 டிசம்பரில் அந்த முடிவில் தலையிடவில்லை.

இரண்டு தீர்ப்பும் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். சட்டம் தேடுவது சந்தையை ஆளும் ஒற்றை ராஜாவை. இங்கே நான்கு பேர் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே, பயணியிடமும் ஓட்டுநரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். நான்கு செயலியிலும் அந்த மாலை விலை பார்த்தேன்: 89, 96, 98, 104. போட்டி இருக்கிறது, மறுக்கவில்லை. 54 எங்கேயும் இல்லை.

கமிஷன் போனது, பொறுப்பும் கூடவே போனது

இந்த ஆய்வில் என்னை மிகவும் குடைந்த பகுதி இதுதான்.

2022-இன் அந்தக் கொந்தளிப்பில் பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர் சங்கம் ஒன்றின் துணையுடன் 'நம்ம யாத்ரி' பிறந்தது. உருவாக்கியது ஜஸ்பே என்ற பெங்களூரு மென்பொருள் நிறுவனம். அடித்தளம், யாரும் பயன்படுத்தக்கூடிய 'பெக்ன்' என்ற திறந்த நெறிமுறை. அரசுக் கட்டணம், வந்து ஏற்றிக்கொள்வதற்கு 10 ரூபாய், கமிஷன் கிடையாது, பணம் நேராக ஓட்டுநர் கைக்கு. பிறகு செலவுக்கென்று ஓட்டுநரிடம் நாளுக்கு 25 ரூபாய், அல்லது சவாரிக்கு மூன்றரை ரூபாய் என்று சந்தா வைத்தார்கள். ஓட்டுநர்கள் மொய்த்தார்கள். கார்ப்பரேட்டை ஊர்க்காரர்கள் வென்ற கதை என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை, பார்த்து எழுதினார்கள். ராபிடோ சந்தா முறைக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் ஊபர் தன் ஆட்டோ சேவையில் கமிஷனை விட்டது. ஜூனில் ஓலா. ஓட்டுநர் பிடுங்கப்படுகிறார் என்ற பழிச்சொல் தீர்ந்தது. ஆனால் சந்தா முறையின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஊபரின் ஏற்பாட்டில் திரையில் தெரிவது வெறும் பரிந்துரைக் கட்டணம். இறுதித் தொகை பயணிக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான பேச்சு. பணம் ரொக்கமாகவோ யுபிஐ வழியாகவோ ஓட்டுநருக்கே போகும். நிறுவனம் இருவரையும் சேர்த்துவைத்த மென்பொருள் மட்டுமே.

அதாவது, எந்தக் கமிஷனுக்கு 5 சதவீத உச்சவரம்பு போட அரசு ஒன்றரை ஆண்டு நீதிமன்றத்தில் நின்று ஜெயித்ததோ, அந்தக் கமிஷனே இப்போது இல்லை. வாங்காத கமிஷனுக்கு உச்சவரம்பு எதற்கு? வசூலிக்காத கட்டணத்துக்குப் பொறுப்பேற்பது யார்? நூறு ரூபாய்க் கட்டணத்தைப் பற்றி 2022-இல் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரியாவது இருந்தது. ஓட்டுநருக்காகப் பிறந்த யோசனையே நிறுவனங்களுக்குத் தப்பிக்கும் வழியாகவும் அமைந்தது என்பது என் வாசிப்பு. நம்ம யாத்ரியை நான் குறை சொல்லவில்லை; வாசல் ஒன்றுதான், யார் நுழைவார்கள் என்பதை வாசல் கட்டியவர் தீர்மானிக்க முடியாது.

இந்த வெற்றிடத்தில்தான் மழைநாளில் நான் தொட்ட அந்த 30 ரூபாய்ப் பொத்தான் முளைத்தது. பயணத்துக்கு முன்பே டிப்ஸ் கேட்பது தொடர்பாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெயர்தான் டிப்ஸ். வேலை முடிந்து மனமுவந்து தருவதற்குத்தான் நாம் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். வண்டி வருவதற்கு முன்பே தொகையை ஏற்றிக்கொண்டே போவதற்குப் பெயர் ஏலம்.

2025 ஜூன் 16 அன்று பைக் டாக்ஸிகள் நிறுத்தப்பட்டபோது ஏலத்தின் உண்மை முகம் தெரிந்தது. (அது தொடர்பான வழக்கும் மேல்முறையீடும் தனிக் கதை, இங்கே வேண்டாம்.) மலிவான மாற்று மறைந்ததும் ஆட்டோக் கட்டணம் விறுவிறுவென ஏறியது. போக்குவரத்து அமைச்சர் ராமலிங்க ரெட்டி, கூடுதல் கட்டணம் வாங்கும் ஆட்டோக்கள்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். சோதனைகள் நடந்தன, ஆட்டோக்கள் பறிமுதல் ஆயின. பறிமுதலானது யாருடைய சொத்து என்று கவனியுங்கள். விலை வந்தது கைபேசியிலிருந்து. சங்கிலி கட்டப்பட்டது ஓட்டுநரின் சக்கரத்தில்.

டெல்லியின் பங்கையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம். 2020 வழிகாட்டுதல்கள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றன. 2025 ஜூலையில் வந்தவை அதை இரண்டு மடங்காக்கின. கீழ் எல்லை பாதி. ஆக ஒரே தூரத்துக்கு மிகக் குறைந்த விலைக்கும் மிக அதிக விலைக்கும் இடையே நான்கு மடங்கு இடைவெளியை மத்திய அரசே வழிமொழிகிறது. கர்நாடகமோ 2024 ஜனவரியில் வாடகைக் கார்களுக்கு ஒரே சீரான கட்டணம் அறிவித்தது: 10 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய வண்டி என்றால் முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 24. அந்த விலையில் செயலியில் வண்டி கிடைத்த நாளை நான் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வட்டம்.

ஐடி பிளாக்

விலையைவிட ஓட்டுநர்கள் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டு சொற்களுக்கு. மர்ஃபி டவுனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஒருவரின் கணக்கு ஒரு காலை திறக்கவில்லை. திரையில் ஒரே வரி: 'உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது'. யார் புகார் செய்தார்கள், எந்தப் பயணம், எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. உதவி எண்ணில் பதிவு செய்த குரல், உரையாடல் பெட்டியில் நன்றி தெரிவிக்கும் இயந்திரம். பதினோரு நாள் கழித்துத் தானே திறந்தது. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. "சம்பளம் வாங்காத வேலைக்கு சஸ்பெண்ட் மட்டும் எப்படித் தம்பி வரும்?" என்று கேட்டார் அவர். அந்தப் பதினோரு நாளும் மற்ற இரண்டு கைபேசிகளை வைத்து ஓட்டினார், உண்மைதான். வருமானம் முக்கால்வாசிக்கும் கீழே இறங்கியது, அதுவும் உண்மைதான்.

இதே மனிதரின் பெர்மிட்டை அரசு ரத்து செய்ய வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? மோட்டார் வாகனச் சட்டம் 86-ஆவது பிரிவின்படி, அவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தராமல் ரத்து செய்ய முடியாது. ஆணை எழுத்தில் வரவேண்டும். பிடிக்காவிட்டால் 89-ஆவது பிரிவின்கீழ் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அந்த அலுவலகங்களில் நடக்கும் அலைக்கழிப்பும், மேசைக்கடியில் கைமாறுவதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அலைவதற்கு ஓர் அலுவலகமாவது இருக்கிறது.

கர்நாடகம் 2025-இல் இயற்றிய கிக் தொழிலாளர் (செயலி வழியே வேலை பெறுவோர்) சட்டம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஒருவரை நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு, எழுத்தில் காரணம், தானியங்கி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைத் தொழிலாளருக்குச் சொல்லும் கடமை, நல நிதிக்காக 1 முதல் 5 சதவீதம் வரை கட்டணம். செயலியை வெறும் மென்பொருளாகப் பார்க்காமல், ஆளை நீக்கும் அதிகாரம் உள்ள அமைப்பாக அந்தச் சட்டம் பார்க்கிறது. கட்டண விஷயத்தில் இதே துணிவு இன்னும் வரவில்லை.

ஈய முத்திரை

புதிய கட்டணத்துக்கு ஏற்ப மீட்டரைத் திருத்தி முத்திரை பெற 2025 அக்டோபர் 31 வரை கெடு இருந்தது. அந்த மாதம் மேற்சொன்ன மர்ஃபி டவுன்காரருடன் நானும் போனேன். காலை ஏழு மணிக்கே நாற்பது ஆட்டோக்கள் வரிசையில். மீட்டர்க் கடைப் பையன் பெட்டியைத் திறந்து, பழைய 30-ஐயும் 15-ஐயும் எடுத்து 36-ஐயும் 18-ஐயும் ஏற்றினான். அலுவலர் சோதித்துப் பார்த்தார். மெல்லிய கம்பியை இரண்டு துளைகளில் கோத்து முறுக்கி, ஈயத் துண்டை வைத்து இடுக்கியால் அழுத்தினார். அந்தத் துண்டு உடைந்திருந்தால் குற்றம். ஒரு கிலோமீட்டரை ஒன்றே கால் என்று காட்டினால் குற்றம். ஆண்டுக்கு ஒருமுறை வந்து மீண்டும் காட்ட வேண்டும்.

செயலி அளக்கும் கிலோமீட்டருக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. எந்த வரைபடம், எந்த வழி, எந்த நிமிடத்து விலை, என் கைபேசியில் 96 என்றால் பக்கத்தில் நிற்பவர் கைபேசியில் எவ்வளவு என்று திறந்து பார்க்க ஈயத் துண்டும் இல்லை, இடுக்கியும் இல்லை.

நண்பர் ரசீதை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தார். பிறகு கம்பியில் இருந்த மூன்று கைபேசிகளையும் காட்டி, அலுவலரிடம் கன்னடத்தில் கேட்டார்: "சார், இதற்கெல்லாம் முத்திரை எங்கே குத்துவார்கள்?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்துவிட்டு, அது எங்கள் துறையில் வராது என்று சொல்லி, அடுத்த வண்டியைக் கைகாட்டினார்.